வேடிக்கை பார்க்க மட்டுமா வருகிறார்கள்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கெர்வில் என்றொரு சிறு நகரம். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பண்ணை. ஆண்டுதோறும் மே கடைசியில் தொடங்கி 18 நாள் அங்கே நாட்டார் இசை விழா நடக்கிறது. 1972-இல் ராட் கென்னடி தொடங்கி வைத்தது. பெரிய மேடை உண்டு. பேர்பெற்ற பாடகர்கள் வருவார்கள். ஆனால் காசு கொடுத்து உள்ளே போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களில் ஒரு சாரார் மேடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மேடை விளக்கு அணைந்த பிறகுதான் அவர்களுடைய விழா ஆரம்பம். தீ மூட்டி, அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று விடியும்வரை பாடுவார்கள். சொந்தப் பாட்டாகவும் இருக்கலாம், பாட்டியிடம் கேட்ட பாட்டாகவும் இருக்கலாம். குரல் பிசிறினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கச்சேரிக்குச் சீட்டு வாங்கிவிட்டுக் கச்சேரியைக் கேட்காமல் இருப்பது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நாட்டார் இசை விழாவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே எது இன்பம் தருகிறது என்று கேட்பவர்கள் இந்தக் கிறுக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி. விழா நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மேடையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். யாரை அழைப்பது, எவ்வளவு பெரிய ஒலிபெருக்கி, எத்தனை விளக்கு என்று. வருகிறவர்களோ வீடு திரும்பியதும் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இசையியல் ஆய்வாளர் தாமஸ் டுரினோ பெரு நாட்டின் மலையூர்களிலும் ஜிம்பாப்வேயிலும் தங்கிப் பார்த்தவற்றைக் கொண்டு 2008-இல் ‘மியூசிக் அஸ் சோஷியல் லைஃப்’ என்ற நூலை எழுதினார். நேரில் நிகழும் இசையை அதில் அவர் இரண்டாகப் பிரிக்கிறார். பாடுவோர் ஒருபுறம், கேட்போர் மறுபுறம் என நிகழ்த்திக் காட்டும் இசை ஒன்று. வந்தவர் எல்லோரும் சேர்ந்து செய்யும் இசை இன்னொன்று. இரண்டாவது வகைக்கு மதிப்பெண் போடும் முறையே வேறு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு ஈடுபாட்டோடு சேர்ந்தார்கள் என்பதுதான் கணக்கு. பாட்டின் அமைப்பும் அதற்கு ஏற்றபடியே இருக்கும். சின்னச் சின்ன அடிகள் திரும்பத் திரும்ப வரும். தாமதமாக வந்தவரும் நுழைந்துகொள்ளலாம். பலருடைய குரலும் கருவியும் ஒன்றோடொன்று மோதிக் கலந்து அடர்த்தியாக ஒலிப்பதால் ஒருவருடைய தவறு தனியாகக் காதில் விழாது.

இதைத் தெரிந்துகொள்ளத் தமிழ் வாசகர் பெரு வரைக்கும் போக வேண்டியதில்லை. கும்மி இப்படித்தான் நடக்கிறது. ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, வட்டம் வாங்கிப் பாடுகிறது. பாட்டு தெரியாதவள் கைத்தட்டில் சேர்ந்துகொள்கிறாள். மூன்றாவது சுற்றில் அவளுக்கும் பாட்டு வந்துவிடுகிறது.

அயர்லாந்து இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உள்ள நாடு. 1951-இல் முல்லிங்கர் என்ற ஊரில் தொடங்கிய ‘ஃப்ளா கியோல்’ இன்று அந்நாட்டின் மிகப் பெரிய மரபிசைத் திருவிழா. போட்டிகள், பரிசுகள் எல்லாம் உண்டு. இருந்தாலும் கற்றுக்கொள்ள வேண்டியது அதைவிடச் சிறிய ஒரு கூட்டத்திடம்தான். மேற்குக் கடலோரத்தில் கிளேர் மாவட்டத்தைச் சேர்ந்த மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் வில்லி கிளான்சி என்றொரு தச்சர் இருந்தார். ஐரிஷ் துருத்திக் குழலில் பெரிய கை. 1973 ஜனவரியில் இறந்துபோனார். அந்த ஆண்டு ஜூலையிலேயே நண்பர்கள் அவர் பெயரில் ஒரு கோடைகால இசைப்பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். காலையில் வகுப்பு. மாலையில் சொற்பொழிவும் இசை நிகழ்ச்சியும். இரவில் ஊரிலுள்ள மதுக்கடை ஒவ்வொன்றிலும் மேசையைச் சுற்றி வாசிப்பு. காலையில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இரவில் அதே மேசையில் உட்கார்ந்திருப்பார். காலையில் கற்ற மெட்டை மாணவர் அவர் பக்கத்திலேயே தட்டுத்தடுமாறி வாசித்துப் பார்ப்பார். ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் ஜூலை முதல் வாரத்தில் அந்த ஊர் இப்படித்தான் இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால் அங்கே ஒழுங்கு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எழுதாத சட்டங்கள் நிறைய. மெட்டைத் தொடங்கியவர்தான் அதன் வேகத்தைத் தீர்மானிப்பார். தெரியாத மெட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ‘பௌரான்’ என்ற தோல் மேளத்தை எடுத்துக்கொண்டு நான்கைந்து பேர் ஒரே மேசைக்கு வந்தால் மற்றவர்கள் முகம் மாறும். அந்த மேளத்தை எதைக் கொண்டு வாசிப்பது சிறப்பு என்று கேட்டால் ‘பேனாக்கத்தி’ என்று பதில் சொல்வது அங்கே பழைய கேலி. புதியவருக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே நுழைந்ததும் காதைத் திறந்து வைக்க வேண்டும். ஒழுங்கு இருப்பதால்தான் அந்த மேசையில் இசை கெடாமல் இருக்கிறது. தாளமே தெரியாதவர்கள் ஆளுக்கொரு கருவியைத் தட்டிக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் தலைவலிதான் மிஞ்சும்.

சேர்ந்து பாடுவது மனிதருக்கு என்ன செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபின் டன்பரும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிரிட்டனில் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். சில வகுப்புகளில் சேர்ந்திசை, சிலவற்றில் கைவினை, சிலவற்றில் எழுத்துப் பயிற்சி. ஏழு மாத முடிவில் எல்லா வகுப்புகளிலும் நெருக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பாடியவர்கள் மட்டும் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டிருந்தார்கள். மூன்று நாள், ஐந்து நாள் நடக்கும் விழாவுக்கு இந்த வேறுபாடு முக்கியம். முன்பின் தெரியாதவர்கள் பழகிக்கொள்ள ஏழு மாதம் அங்கே யாருக்குக் கிடைக்கப்போகிறது?

நம்முடைய பழைய ஏற்பாடுகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சில விஷயங்கள் துலங்குகின்றன. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கொடை விழாவை எடுத்துக்கொள்வோம். நுழைவுச் சீட்டு கிடையாது. தலைக்கட்டு வரி உண்டு. வரி கொடுத்த குடும்பம் ஒவ்வொன்றும் விழாவுக்குச் சொந்தக்காரக் குடும்பம். பந்தல் போடுகிறவர், பொங்கல் வைக்கிறவர், முளைப்பாரி சுமக்கிறவர், குலவையிடுகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. வில்லுப்பாட்டுக்காரர் புதிய கதை எதையும் சொல்லப்போவதில்லை. சுடலைமாடன் கதை எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரியும். ஒரு கட்டத்தை அவர் விட்டுவிட்டால் கேட்டுவிடுவாள். புலவர் பாட, பக்கத்தில் இருப்பவர்கள் ஆமோதித்துத் திருப்பிப் பாட, உடுக்கையும் குடமும் கூட்டிக் கொடுக்க, கதை சாமி வரும் இடத்தை நெருங்குகிறது. புலவருடைய கண் அப்போது சாமியாடியின் முகத்தில் இருக்கிறது. அவர் உடம்பு குலுங்குவதைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார். இங்கே நிகழ்த்துகிறவர் யார், பார்க்கிறவர் யார் என்று கோடு கிழிப்பது கஷ்டம்.

அதே வில்லுப்பாட்டு நகரத்துக் கலைவிழா மேடைக்கு வரும்போது பதினைந்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று முறைப்படி போனால் கதைக்குள் நுழைவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் எல்லாவற்றையும் வெட்டி, வேகமான தாளத்தில் நாலு பாட்டு. கணியான் கூத்தின் மகுட ஒலி மெல்ல மெல்ல ஏறுவதற்கு இரவு வேண்டும். தெருக்கூத்துக்கு விடியல் வேண்டும். மேடைக்கு ஏற்றபடி நறுக்கிய கலையைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் ஒண்ணு போலவே இருக்கு” என்று நகரத்துப் பார்வையாளர் சொன்னால் அவர் மீது பழி போட முடியாது.

இதைச் சொல்வதால் 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமத்தைக் குறைத்து மதிப்பிட்டதாகாது. பூங்காவிலும் கடற்கரையிலும் தெருவோரத்திலும் கரகமும் பறையும் தேவராட்டமும் வந்து இறங்கியது சென்னைக்குப் பெரிய மாற்றம். கட்டணம் கிடையாது, காய்கறிப் பையோடு போகிற வழியில் நின்று பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம். பல ஊர்ச் சாப்பாடு பக்கத்திலேயே. 2011 ஆட்சி மாற்றத்தோடு நின்றுபோன அந்த விழா, 2023 பொங்கலையொட்டி ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற அடைமொழியோடு மறுபடி வந்தது. அதன் பலம் இந்தத் தடையில்லாத வரவு-போக்குதான். பலவீனம், வந்தவருக்குக் கைதட்டுவதைத் தவிரச் செய்ய அதிக வேலை இல்லை என்பது. பார்வையாளர் செல்போனைத் தூக்கிப் பிடிப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். கைக்கு வேறு வேலை கொடுக்காதபோது கை செல்போனைத்தான் தேடும்.

கலைஞரும் விழாவில் பங்கேற்பவர்தான் என்பதை இந்த மாதிரிக் கட்டுரைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழா 1959-இல் ஜார்ஜ் வெயின் தொடங்கியது. இடையில் நின்று, 1963-இல் இலாப நோக்கில்லாத அறக்கட்டளையாக மறுபடி எழுந்தபோது ஒரு விநோதமான விதி வைத்தார்கள். மேடையேறுகிறவர் யாராக இருந்தாலும் 50 டாலர். மேற்கொண்டு வழிச்செலவு, தங்கும் இடம், சாப்பாடு. புகழ்பெற்ற பாடகி ஜோன் பேயஸுக்கும் அதே தொகைதான், பேர் தெரியாத மலையூர் வயலின்காரருக்கும் அதே தொகைதான். மிசிசிப்பி மாநிலத்தின் ஏவலான் என்ற ஊரில் பண்ணைவேலை செய்துகொண்டிருந்த ஜான் ஹர்ட் 1928-இல் சில இசைத்தட்டுகள் கொடுத்ததோடு மறக்கப்பட்டவர். அவரைத் தேடிக் கண்டுபிடித்து அந்த ஆண்டு நியூபோர்ட்டுக்கு அழைத்து வந்தார்கள். எழுபது வயதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பாட, பகல் நேரப் பட்டறைகளில் இளைஞர்கள் அவருடைய விரல்களைப் பார்த்தபடி காலடியில் உட்கார்ந்திருந்தார்கள். விழாவின் முடிவில் பாடகர்கள் பீட் சீகர், பாப் டிலன், பேயஸ், ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழுவினர் எல்லோரும் கைகோத்து நின்று பாடிய படம் இன்றைக்கும் புத்தகங்களில் வருகிறது.

இரண்டே ஆண்டில் அதே நியூபோர்ட்டில் அதே டிலன் மின்கிட்டாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. 1965 ஜூலை 25. மரபை விட்டுவிட்டார் என்ற கோபம் என்பார்கள் சிலர். ஒலி அமைப்பு மோசமாக இருந்தது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை என்பார்கள் வேறு சிலர். மூன்று மின்கிட்டார்ப் பாட்டோடு இறங்கிப்போனதால் வந்த ஏமாற்றம் என்றும் சொல்வதுண்டு. சொல் கேட்கவில்லை என்பதுதான் தன் ஆத்திரத்துக்குக் காரணம் என்று சீகர் பின்னாளில் விளக்கினார். கொள்கைச் சண்டை என்று வரலாற்றில் பதிவான ஒன்றில் பாதி, ஒலிபெருக்கிச் சண்டையாக இருந்திருக்கலாம். நாட்டார் பாட்டில் சொல் கேட்காவிட்டால் மிஞ்சுவது இரைச்சல். நம்மூர் அமைப்பாளர்களிடம் இதைச் சுவரில் எழுதி மாட்டச் சொல்லலாம். பறைக்கும் உறுமிக்கும் திறந்தவெளியில் ஒலிவாங்கி அநேகமாகத் தேவையில்லை. ஆனாலும் நான்கு பக்கமும் பெட்டி அடுக்கி, முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு வைப்பதைத்தான் விழாக்கோலம் என்கிறார்கள்.

கருவிக்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஜோத்பூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். 2007 முதல் மெஹ்ரான்கட் கோட்டையில் நடக்கும் ராஜஸ்தான் பன்னாட்டு நாட்டார் இசை விழாவை ஐப்பசிப் பக்கம் வரும் சரத் பௌர்ணமியை ஒட்டி வைக்கிறார்கள். வெயில் தணிந்திருக்கும், நிலவு முழுசாக இருக்கும். மாங்கணியார்கள் வாசிக்கும் கமாய்ச்சா, ஆட்டுத்தோல் போர்த்திய மரக்குடமும் நரம்புத் தந்திகளும் கொண்ட கருவி; குரல் தாழ்ந்தது, கொஞ்சம் கரகரத்தது. பெரிய மேடையில் மேற்கத்திய டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் செத்தே போகும். அதனால் கோட்டைக்குள் சின்ன முற்றங்களிலும், ஜஸ்வந்த் தாடா என்ற சலவைக்கல் நினைவிடத்தில் விடியற்காலையிலும் தனி நிகழ்ச்சிகள் உண்டு. பெரிய மேடையின் கலப்பிசைக் கொண்டாட்டமும் நடக்கிறது. அதைவிடச் சூரியன் எழும் நேரத்துக் கச்சேரியே பலருக்கும் நினைவில் நிற்கிறது என்றால் ஆச்சரியமில்லை. அங்கும் ஒரு நெருடல் இருக்கிறது. மாங்கணியார்கள் தலைமுறை தலைமுறையாக யஜமானர் வீட்டுப் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடிவந்தவர்கள். யாருக்காகப் பாடுகிறோம், அவருடைய முன்னோர் யார் என்று பெயரோடு தெரிந்து பாடியவர்களுக்கு, விமானத்தில் வந்திறங்கிய முகம் தெரியாத கூட்டத்துக்குப் பாடுவது வேறு அனுபவம். நல்ல சம்பளமும் வெளிநாட்டுப் பயணமும் அதனால் வந்தன என்பதும் உண்மை.

இனி, ஆய்வுக் கட்டுரைகள் எழுதக் கூச்சப்படும் சங்கதிகள். கழிப்பறை. குடிதண்ணீர். உட்கார இடம். கடைசிப் பேருந்து. பெண்கள் எவ்வளவு நேரம் விழாவில் இருப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் கழிப்பறைதான் முடிவு செய்கிறது. கரகாட்டக் கலைஞர்களுக்கு உடைமாற்ற ஒரு மறைப்பு இல்லாத விழாக்கள் இன்றும் இருக்கின்றன. முதியவர்களுக்கு நாற்காலி கிடைப்பதில்லை. முதல் இரண்டு வரிசை யாருக்கோ காலியாகக் காத்திருக்கிறது. அந்த யாரோ வந்ததும் நிகழ்ச்சி நிற்கும், பொன்னாடை போர்த்துவார்கள், வரவேற்புரை நடக்கும். உரையின் நடுவில், ஓரத்தில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்த கலைஞர் தோல் தளர்ந்துவிட்டது என்று மறுபடி காய்ச்சப் போவார்.

ஆஸ்திரேலியாவில் இசை விழாக்களுக்குப் போகும் இளைஞர்களிடம் ஜேன் பேக்கர், ஜூலி பாலன்டைன் இருவரும் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. விழா அனுபவத்தை அவர்கள் நான்காகப் பிரித்துப் பார்த்தார்கள்: இசை, விழாச் சூழல், கூட்டாளிகள், அன்றாட வாழ்விலிருந்து விலகி நிற்றல். நான்காவதை நம்மூர் அமைப்பாளர்கள் கவனிப்பதில்லை. மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஒரு திடலில் நின்றுவிட்டு வருவது விலகல் ஆகாது. இரவு தங்க வேண்டும்; வேளை தவறிச் சாப்பிட வேண்டும்; தெரியாதவரோடு பாயைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கொடை விழாவிலும் கெர்வில் கூடாரத்திலும் இது தானாக நடக்கிறது.

ஊருக்கும் விழாவுக்கும் உள்ள உறவு இன்னொரு பெரிய சங்கதி. ஃபின்லாந்தின் கௌஸ்டினன் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். 1968 முதல் அங்கே ஜூலையில் நாட்டார் இசை விழா நடக்கிறது. வந்து குவியும் கூட்டத்துக்குச் சமைப்பவர், வண்டி ஒழுங்கு செய்பவர், மேடையில் ஃபிடில் வாசிப்பவர் என்று பலரும் உள்ளூர்க்காரர்கள். மௌனோ யார்வெலா வகுத்த ‘நாப்பாரி’ முறையில் அந்த ஊர்க் குழந்தைகள் தேர்வும் தரப்பட்டியலும் இல்லாமல் கூட்டமாகவே ஃபிடில் கற்கிறார்கள். விழாவில் பெருங்கூட்டமாக மேடையேறுகிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ கௌஸ்டினனின் ஃபிடில் இசையை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேராவிட்டாலும் ஊர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சென்னையில் இதற்கு நெருங்கி வந்தது ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா. 2015-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் முன்னின்று, பெசன்ட் நகர் ஓரத்து மீனவக் குப்பத்தில் தொடங்கியது. கர்நாடகக் கச்சேரியும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மணலில். சபாவுக்குப் போகிறவர்கள் முதன்முறையாக அந்தத் தெருவுக்குள் நடந்தார்கள். குப்பத்துக்காரர்கள் தங்கள் வாசலில் விருந்தினரை வரவேற்றார்கள். பின்னாளில் ‘சென்னை கலைத் தெரு விழா’ என்று அது வேறு இடங்களுக்கும் விரிந்தது. மேட்டிமையின் கருணை இது என்று விமர்சித்தவர்களும் உண்டு. அந்த விமர்சனத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தாலும், வாசல் யாருடையது என்பது அனுபவத்தை மாற்றுகிறது என்பதை மறுக்க முடியாது. 2020 டிசம்பரில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ இன்னும் நேரடியானது. சபாக்களின் மாதத்திலேயே பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை கேட்டன.

பறையைப் பொறுத்தவரை இன்பம் என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்த வேண்டும். சாவு வீட்டில் அடிக்கும்படி ஒரு சாதியைக் கட்டாயப்படுத்திய வரலாறு அந்தக் கருவிக்கு இருக்கிறது. அதை அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்களின் வரலாறும் இருக்கிறது. அதே பறையை இன்று கல்லூரி மாணவிகள் ஆசானிடம் கற்றுக்கொண்டு திடலில் ஆடுகிறார்கள். மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசான் 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் எல்லாச் சாதிக் கைகளுக்கும் போகும்போது ஆடுகிறவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, தாளம் பிடிபட்ட மகிழ்ச்சி மட்டுமில்லை. யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கக் கூடாது என்ற பழைய தடை அந்தச் சில நிமிடம் அங்கே செல்லாமல் போகிறது. ஆனால் ஆசானுக்கு மேடையில் கைதட்டல், ஊரில் தனி டம்ளர் என்றால் விழா தோற்றுவிட்டது.

அடுத்த பொங்கலுக்கும் பூங்காக்களில் மேடை போடுவார்கள். போடட்டும். ஒவ்வொரு திடலிலும் மேடைக்கு எட்டத்தில், ஒலிபெருக்கி எட்டாத மூலையில், இருபதுக்கு இருபது அடி தரையை விட்டுவைக்க அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு ஆசான், பத்துப் பறை, காய்ச்சுவதற்கு வைக்கோல், பக்கத்தில் கும்மிக்கு அடியெடுத்துக் கொடுக்கத் தெரிந்த இரண்டு அக்காக்கள். மூன்று மணி நேரத்துக்கான முழுச் சம்பளத்தை அவர்களுக்குப் புறப்படும் முன்னரே கையில் கொடுத்துவிட வேண்டும்.